பழையபேட்டைக்குள் ஒரு பழைய ஜீப்

சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறவள் ஞாயிற்றுக்கிழமையானால் எதற்குக் கிருஷ்ணகிரித் தெருக்களில் ஜீப் ஓட்டிக்கொண்டு திரிகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கன்று வாங்க வருகிறவர்கள் கேட்பது வேறு. "எங்களையும் ஒரு ரவுண்டு கூட்டிப் போவீங்களாக்கா? எவ்வளவு ஆகும்?" இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கூட்டிப் போவேன். பணம் வாங்க மாட்டேன். வாங்காததற்குச் சட்டக் காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டி 1968ஆம் வருடத்து மஹிந்திரா சி.ஜே. 3 பி. ஜீப். மஹிந்திரா நிறுவனம் 1947இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பகுதி பகுதியாக வரவழைத்துப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்தது. சி.ஜே. 3 பி-யைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். பானெட் மேடாக எழுந்து நிற்கும். உள்ளே இருக்கும் 'ஹரிக்கேன்' இன்ஜின்தான் அதற்குக் காரணம். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடுகிற வால்வு மேலே ஹெட்டில், புகையை வெளியே தள்ளுகிற வால்வு கீழே பிளாக்கில். முந்தைய ஜீப்புகளில் இரண்டுமே கீழே இருந்தன. ஒரு வால்வு மேலே ஏறியதும் இன்ஜின் உயர்ந்தது, அதற்கு இடம் கொடுக்கப் பானெட்டையும் உயர்த்தினார்கள். நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். சத்தம் கொஞ்சம் கனமாக, நிதானமாக வரும்.

எங்கள் பக்கத்தில் அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஜீப் என்றால் சர்க்கார். பி.டி.ஓ. வந்தது ஜீப்பில். தாசில்தார் வந்தது ஜீப்பில். வீட்டுச் சுவரில் டி.டி.டி. மருந்து அடித்துத் தேதி எழுதிவிட்டுப் போன மலேரியாக்காரர்கள் வந்ததும் ஜீப்பில்தான். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் அதில் நின்றபடியே கும்பிட்டார்கள். எங்கள் வண்டியும் அரசுத் துறை ஒன்றில் ஓடி முடித்து ஏலத்துக்கு வந்ததுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா எடுத்தார்.

அப்பாவுக்கு அது கன்று ஏற்றும் வண்டி. அந்தக் காலத்தில் எங்களிடம் நெருக்கு ஒட்டுதான். சட்டியில் வளர்ந்த நாற்றைத் தாய்மரத்துக் கிளையோடு சேர்த்துக் கட்டி, ஒட்டுப் பிடித்த பிறகு அறுத்து எடுப்பார்கள். மண்சட்டியோடு இருக்கிற கன்று என்ன கனம் கனக்கும்! பின்சீட்டைக் கழற்றிவிட்டு வைக்கோல் பரப்பி, சட்டிகளை நெருக்கி அடுக்கிப் போச்சம்பள்ளி, பர்கூர், ஊத்தங்கரை என்று போவார். குழந்தைகள் நானும் தம்பியும் சட்டிகளுக்கு நடுவில். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை என்று பிறகு இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஒன்றைப் பூட்டினார். அப்போது ஜீப் வைத்திருந்த விவசாயிகள் பலரும் செய்த வேலைதான் அது. இறக்கிய பெட்ரோல் இன்ஜினை மட்டும் காயலான் கடைக்குப் போட அவருக்கு மனசு வரவில்லை. ஆயில் தடவிச் சாக்கில் சுற்றி, கிணற்று மோட்டார் ரூமில் மரக்கட்டை மேல் ஏற்றி வைத்தார். வருடத்துக்கு ஒருமுறை சாக்கைப் பிரித்துப் பார்த்து மறுபடி ஆயில் விட்டுச் சுற்றுவார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த வேலையும் நடக்கும்.

அவர் போன பிறகு அந்தச் சாக்கைப் பிரித்தது தம்பி. கிருஷ்ணகிரியில் லேத் வைத்திருக்கிறான். ஃப்ளைவீலைப் பிடித்துக் கையால் திருப்பிப் பார்த்தான், சுற்றியது. "எக்கா, இது உயிரோடதான் இருக்குது" என்றான். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வண்டியைப் புதுப்பிக்கிறோம் என்று தெரிந்ததும் யோசனை சொல்லாத ஆளே இல்லை. அலாய் வீல் போடு, பவர் ஸ்டீயரிங் வை, முன்னால் கம்பிக் கூண்டு கட்டு, ஏசி கூட வைக்கலாம் என்றார் ஒருவர். இப்போது மாடிஃபை பண்ணிய ஜீப்புகளைச் சாலையில் பார்க்கிறோம். டயர் மட்டும் ஆள் உயரம். அவர்கள் விருப்பம் அவர்களுக்கு. நானும் தம்பியும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். உட்காருகிறவர் கண்ணுக்குத் தெரிவதும் கைக்குத் தட்டுப்படுவதும் பழையதாகவே இருக்க வேண்டும். உயிரைக் காப்பது எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். அதனால் பிரேக் பைப், வீல் சிலிண்டர், ஸ்டீயரிங் ஜாயிண்டுகள், வயரிங், டயர், இவை அத்தனையும் புதுசு. பெல்ட் வைத்தோம். டேஷ்போர்டு, மீட்டர், மடிந்து பானெட் மேல் படுக்கும் முன்கண்ணாடி, கியர் ராடுக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு குட்டி லீவர்கள், எல்லாம் அதே பழசு.

இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), புது பிஸ்டன், ரிங் போட்டார்கள். கார்ப்பரேட்டரைத் தம்பியே பிரித்துக் கழுவினான். பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் ரப்பர் ஓஸ்களையும் மட்டும் நல்லதாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். 1968இல் வண்டி செய்தவர்கள் அதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிப் போகிறது, ஒழுகுகிறது. பெட்ரோல் ஒழுகுகிற வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது. வீட்டில் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனால் தாங்கும் ஓஸ் கடையில் கேட்டால் தருவார்கள்.

பெயின்ட் விஷயத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். சுரண்டச் சுரண்ட அப்பா அடித்த நீலத்துக்குக் கீழே வேறொரு நிறம், அதற்குக் கீழே அரசு வண்டியாக இருந்தபோது அடித்த சாம்பல் பச்சை. பச்சைதான் அசல், அதையே அடிக்கலாம் என்றான் தம்பி. எனக்கு அது அப்பா வண்டி. எங்களிடம் கன்று வாங்கிய அத்தனை தோப்புக்காரர்களும் 'நீல ஜீப்' என்றுதான் சொல்வார்கள். நீலமே அடித்தோம். டேஷ்போர்டுக்குக் கீழே கை அகலத்துக்கு மட்டும் அந்தப் பச்சையைச் சுரண்டாமல் விட்டிருக்கிறோம், கேட்கிறவர்களுக்குக் காட்ட.

வண்டி இப்போது தம்பி வீட்டில் நிற்கிறது. ஞாயிறு காலை ஆறரைக்கு ரவுண்டானாப் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொள்கிறேன். எனக்குப் பக்கத்தில் ஒருவர், பின்னால் நாலு பேர், அதற்கு மேல் ஏற்றுவதில்லை. தார்ப்பாய் டாப்பைக் கழற்றிவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் சுற்றி முடித்தாக வேண்டும். ஆட்களுக்காக மட்டும் இல்லை, வண்டிக்காகவும்தான். சித்திரை வெயிலில் நின்று நின்று போனால் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். அப்படி நின்றால் பம்பு மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும்.

இந்த வண்டியில் முதல் கியர் முழுசாக நின்ற பிறகுதான் விழும். அதனால் சந்துகளில் நிறுத்தாமல் இரண்டாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு போவேன், நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம் வேகம். எதிரே மாடு வந்தால், கோலம் போடுகிறவர்கள் எழுந்து ஒதுங்க வேண்டியிருந்தால், நின்றே ஆக வேண்டும். அந்த நிற்பதில்தான் என் ஞாயிற்றுக்கிழமையின் சாரமே இருக்கிறது. கதவில்லாத, கூரையில்லாத வண்டி ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறது. கண்ணாடி ஏற்றிய காராக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதைப் பார்த்ததும் திண்ணையில் இருப்பவர் எழுந்து வருகிறார். பானெட்டில் கை வைக்கிறார். "இது நாங்க பார்த்த வண்டி ஆச்சே" என்று ஆரம்பிக்கிறார். ஆரம்பித்தால் முடிக்க மாட்டார்.

ஊரைப் பற்றி நான் புத்தகத்தில் படித்துச் சொல்வதற்கும், வாசலில் நிற்கும் ஒருவர் தன் வீட்டைக் காட்டிச் சொல்வதற்கும் இருக்கிற தூரத்தை அந்தத் தெருக்களில்தான் கற்றேன். கண்ணுக்குத் தெரிகிற எதிலும் கை வைக்காமல் இந்த வண்டியைப் பழையபடியே வைத்திருப்பது அதற்காகத்தான். அலாய் வீலும் எல்.இ.டி. விளக்கும் வைத்த ஜீப்பைப் பார்த்து இளைஞர்கள் செல்ஃபி எடுப்பார்கள். எழுபது வயதுக்காரர் எழுந்து வர மாட்டார்.

கிருஷ்ணகிரியின் பழைய பகுதியான பழையபேட்டை மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே கோட்டை, சையத் பாஷா தர்கா. ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு 1791 கதையைச் சொல்வேன். அந்த வருடம் நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற அதிகாரியின் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படை பேட்டையைப் பிடித்தது. கீழ்க்கோட்டைச் சுவரில் ஏணி வைத்து ஏறியும்விட்டது. மேல்கோட்டையை நோக்கிப் போனபோது திப்புவின் ஆட்கள் உச்சியிலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏறியவர்கள் இறங்கிப் போனார்கள். மறுவருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகால் முழுவதும் கும்பினி கைக்குப் போனது. சண்டையில் விழாத கோட்டை காகிதத்தில் போய்விட்டது. அதன் பிறகு இங்கே நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவன் பேரிலேயே வரி போடும் ரயத்துவாரி முறையை அவர்கள் முதலில் நடத்திப் பார்த்தது நம் பாராமகாலில்தான். எங்கள் நர்சரி நிலத்துப் பட்டாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அளவைக்காரர்கள் நினைவு வரும்.

படிக்கட்டு ஏற முடிந்தவர்கள் இன்னொரு நாள் தனியாக வந்து ஏறுங்கள் என்று சொல்லிவிடுவேன். அதைக் காலை நேரத்துக்குள் அடக்க முடியாது.

பேட்டைத் தெருக்களுக்கு நல்ல பருவம் மாசி, பங்குனி. புளி வந்து இறங்கும் காலம். வாசலுக்கு வாசல் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். தெரு முழுக்க அந்த வாசனை நாக்கின் ஓரத்தில் ஏறும். முதல் தடவை நான் அந்தப் பக்கம் போனபோது ஓர் அம்மா கைவேலையை நிறுத்தாமலே, "யாரு வந்திருக்கிறது, ஆபீஸர் அம்மாவா? முதியோர் பென்சன் எழுதிக்கவா?" என்று கேட்டார். இல்லைம்மா, ஊர் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். "நம்ம ஊர்ல பார்க்கறதுக்கு என்னா இருக்குது" என்றவர், அடுத்த மூச்சிலேயே எந்த வீட்டில் எந்தக் கல்தூண் எந்தக் காலத்தது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். தமிழில் ஆரம்பித்துப் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குத் தெலுங்கில் கூப்பிட்டு, எதிர்வீட்டு பாயிடம் உருதுவில் ஒரு கேள்வி கேட்டு, திரும்பவும் தமிழுக்கு வந்தார். கன்னடமும் சேர்ந்தால் கிருஷ்ணகிரி முழுசாகிவிடும். சென்னையிலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஒரு பயணத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் இருக்கும் ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டி வந்தாள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பழையபேட்டையில் பிறந்து, கல்யாணமாகிப் போய், பெற்றவர்கள் காலமான பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. ஜீப்பில் ஏறும்போது அவருக்கு அவ்வளவு உற்சாகம்; முன்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேட்டைக்குள் நுழைந்ததும் பேச்சு குறைந்தது. "இது இல்ல. இந்தத் தெரு இல்ல. வேற எங்கேயோ கூட்டி வந்துட்டீங்க" என்றார். நரசிம்மர் கோவிலைக் காட்டினோம். கோவில் தெரிகிறது, அதிலிருந்து வீட்டுக்கு வழி தெரியவில்லை. ஓட்டு வீடுகள் எல்லாம் மாடி வீடுகளாகிவிட்டன. மகள் என்னைப் பார்த்தாள். திரும்பிவிடலாம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அப்போதுதான் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். டயரைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். "பெட்ரோலா? டீசல் மாத்தலையா?" பெட்ரோல்தான் தாத்தா என்றேன். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்ததாகச் சொன்னார்; இளவயதில் இந்த மாதிரி வண்டிக்குக் கிளீனராக இருந்தாராம். பிறகு முன்சீட்டு அம்மாவைப் பார்த்து, "நீங்க யாரு வீடும்மா?" என்றார். அம்மா தன் அப்பா பெயரைச் சொன்னார். பெரியவருக்குப் பெயர் பிடிபடவில்லை. "மண்ணெண்ணெய்க் கடை வச்சிருந்தாங்க" என்று அம்மா சொன்னதுதான் தாமதம். "சீமெண்ணெய்க்காரர் பொண்ணா நீ! தகர டின்னுல ஊத்திக் குடுப்பாரே, ஒரு கண்ணு கொஞ்சம் சரியாத் தெரியாது அவருக்கு!" 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பெரியவர் ஜீப்புக்கு முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே வண்டியை உருட்டினேன். இரண்டு திருப்பம் தள்ளி ஒரு செல்போன் கடை. அதுதான் இடம். கடைப் பையன் என்ன ஏது என்று கேட்டுவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டான். அந்தம்மா அங்கே உட்கார்ந்து, அளக்கும் படி எங்கே தொங்கும், கல்லாப்பெட்டி எந்த மூலையில் இருக்கும் என்று பேத்தி வயதுள்ள வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் நடுநடுவே திருத்தினார். வழக்கமாகப் போகும் கிருஷ்ணகிரி அணைக்கட்டுக்கு அன்றைக்குப் போகவே இல்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மற்ற நாட்களில் தேவசமுத்திரம் காட்டு வீர ஆஞ்சநேயர் கோவிலில் ஒரு நிறுத்தம். வேண்டிக்கொண்டு சிவப்புத் துணியில் தேங்காய் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள், ஆயிரக்கணக்கில் தொங்கும். காந்தி சாலை அரசு அருங்காட்சியகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், அதற்குள் திறந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் விடுமுறை. உள்ளே இருக்கும் நடுகற்களை மட்டுமாவது பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு, ஊரைக் காக்க நின்று செத்தவனுக்கு ஊர்க்காரர்கள் எடுத்த கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை.

அணைக்கட்டுக்கு தர்மபுரி சாலையில் போய்த் திரும்ப வேண்டும். ஹைவேயில் இந்த ஜீப்பை ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று நாலாபக்கமும் சாலை பிரிகிற ஊர் இது. லாரிகள் நிற்காமல் பறக்கும். இடது ஓரமாக, முடிந்த இடத்தில் எல்லாம் சர்வீஸ் ரோட்டில், முப்பது நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டுவேன். அந்தச் சாலைகளில் கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போன எத்தனையோ பேருக்கு நம் ஊர் ஒரு டோல்கேட், ஒரு காபி, ஒரு மேம்பாலம், அவ்வளவுதான். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்காகவும்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைகள்.

தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டிய கே.ஆர்.பி. என்ற இந்தக் கிருஷ்ணகிரி அணை 1957இல் திறக்கப்பட்டது. திறந்தவர் முதலமைச்சர் காமராஜர். நீர்மட்டம் 52 அடி. ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். அணைப் பூங்காவுக்கு வெளியே மீன் வறுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மிளகாய்த்தூள் பூசிய அணை மீன், கல்லில் போட்டதும் எழும் அந்த மணம். அங்கே ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். பதறிப்போய் இறங்கினேன். அணை கட்டும்போது சின்னப் பையனாக, வேலையாட்களுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றியவராம். இன்ஜினீயர் ஜீப் வருகிற சத்தம் கேட்டால் மேஸ்திரி எல்லோரையும் எழுப்பிவிடுவாராம். "சத்தம் கேட்டதும் கை தானா வந்துடுச்சு பாப்பா" என்றார். பின்சீட்டில் ஏற்றி அணை வாசல் வரை ஒரு ரவுண்டு கூட்டிப் போனேன். அந்தக் காலத்தில் அவரை யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். 2017 நவம்பரில் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வெளியேறியதைப் பற்றி அவர் பேசியபோது, சொந்த வீட்டுச் சுவர் இடிந்தது போலப் பேசினார்.

இப்போது பண விஷயம். என் ஆர்.சி. சொந்த உபயோகத்துக்கானது, வெள்ளை நம்பர் பிளேட். அதில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் நிற்காது. சிலர், "அம்பது வருஷம் தாண்டிடுச்சே, விண்டேஜ் என்று பதிந்துகொண்டு டூர் நடத்தலாமே" என்கிறார்கள். நடத்த முடியாது. 2021இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஐம்பது வயது தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கு, பேரணிக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுத்துப் போகலாம். தினப்படி ஓட்டவோ வணிகத்துக்கு ஓட்டவோ கூடாது என்று விதியே சொல்கிறது. அதனால் சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்திருக்கிறோம். அந்தக் கட்டணம் 2022இல் 5,000 ரூபாய் ஆனது. இருபது வயது தாண்டிய கார், ஜீப்புகளுக்கு 2025இல் அது 10,000 ஆனது.

பாரிஸில் சிட்ரோயன் 2சி.வி. என்ற பழைய குட்டிக் காரில் பயணிகளை ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். ரோமில் பழைய ஃபியட் 500. ஹவானாவில் 1959 புரட்சிக்கு முன் வந்து இறங்கிய அமெரிக்கக் கார்கள் டாக்ஸியாகவே ஓடுகின்றன; பலவற்றில் உள்ளே வேறு வண்டியின் டீசல் இன்ஜின் இருக்கும், எங்கள் அப்பா செய்த அதே வேலை. அங்கே அது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு. நம் சட்டத்தில் இதற்கு ஒரு வாசல் திறக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லா இடத்திலும் ஓட்டக் கேட்கவில்லை. நகராட்சி எல்லைக்குள், குறித்துக் கொடுத்த தெருக்களில், குறைந்த வேகத்தில், வருடா வருடம் எஃப்.சி. காட்டிய பிறகு, பயணிக்குத் தனி இன்சூரன்ஸோடு ஓட்ட ஒரு பெர்மிட். புகை பற்றிக் கேட்பார்கள், நியாயமான கேள்வி. வாரத்துக்கு ஒரு காலை மட்டும் ஓடும் வண்டி, அளவு போட்டுக் கொடுங்கள், அதற்குள் ஓட்டுகிறோம். நம் மாவட்டத்தில் தொழுவங்களிலும் மோட்டார் ரூம்களிலும் வைக்கோல் மூடிக் கிடக்கும் வண்டிகள் எனக்குத் தெரிந்தே பல. டிங்கரிங் தெரிந்த, கார்ப்பரேட்டர் தெரிந்த மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு அடுத்து அந்தக் கை யாரிடமும் இல்லை. தர்மபுரியில் ஒருவர் இப்படி ஒரு வண்டி எடுத்தால் கோட்டைக் கோவிலையும் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோவில் ஓவியங்களையும் காட்டலாம். ஓசூரில் ஒருவர் எடுத்தால் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். அப்படி ஒரு பெர்மிட் வருகிற வரைக்கும் நான் காசு வாங்காமல் ஓட்டுவேன். பெட்ரோல் போடுகிறேன் என்கிறவர்களிடம், ஒரு ஒட்டுக்கன்று விலை கொடுத்து வாங்கிப் போய் நட்டு வளருங்கள் என்கிறேன். செந்தூரா ரகம் கேட்பவர்களுக்குச் செந்தூரா, பெங்களூரா ரகம் கேட்பவர்களுக்குப் பெங்களூரா.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்தது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், குட்டி ரயில். அந்தப் பக்கம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் அதே அகலத்தில் இன்னொன்று. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. பிற்பாடு இரண்டையும் நிறுத்தினார்கள். இன்றைக்கு மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் ரயில் நிலையமே இல்லை. பிள்ளைகளிடம் இங்கே ரயில் ஓடியது என்றால் நம்ப மறுக்கிறார்கள். போன மாதம் ஒரு டீக்கடை முன்னால் வண்டி நின்றபோது இரண்டு பெரியவர்களுக்கு அந்தத் தண்டவாளம் ஊருக்குள் எந்தப் பக்கமாக வந்தது என்று சண்டையே வந்துவிட்டது. ஒருவர் தன் அப்பா சொன்னதை வைத்து ஒரு வழி காட்டினார். இன்னொருவர் தன் தாத்தா நிலத்தில் மண் எடுத்த பள்ளத்தை வைத்து வேறு வழி காட்டினார். இருவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு இரண்டு வழியிலும் போனேன். சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதி, கையாலேயே ஒரு வரைபடம் போட ஆரம்பித்திருக்கிறேன்.

அந்த ரயிலின் டிக்கெட், படம், அதில் வேலை பார்த்தவர் சம்பளச் சீட்டு, நிலம் எடுத்ததற்கான பழைய பத்திரம், எது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் எடுத்து வாருங்கள். தர மாட்டீர்கள் என்றால் படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆனி முடியும் வரை நர்சரியில் கன்று வேலை அதிகம், அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வண்டி எடுப்பேன். காகிதத்தோடு வருகிறவருக்கு முன்சீட்டு.